சத்தம் அடங்கும்வரை

எனக்குப் பூனை பிடிக்கும், ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோபாவுக்குத் துணி மாற்றிக் கொடுப்பது என் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. என் மனைவி எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கி வந்தாள். மறுநாளே அது வாடிக்கையாளர் ஒருவரின் வெல்வெட்டைக் கிழித்தது. நான் அடிக்கவில்லை. வாயில்லா ஜீவன்மேல் கைநீட்டுகிற ஆள் இல்லை நான். அது பிறாண்டும்போதெல்லாம் ஒரு பழைய சோபாவைக் கவிழ்த்து, சட்டத்துக்குள் அதை விட்டு, அடித்துணியை ஆணியடித்து மூடுவேன். சத்தம் அடங்கினால் திறப்பேன். உள்ளேயிருந்து பிறாண்டினால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு.

"பயத்துல நடுங்குதுங்க. விட்டுடுங்க" என்றாள் அவள்.

"பயந்தாதாம்மா புரியும்" என்று பொறுமையாகச் சொன்னேன்.

புரிந்தது. நடு அறையில் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் உட்காரப் பழகியது. பக்கத்துக் கடைத் தையல்காரர் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்மைக்குச் சாவி எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகும் ஒருதடவை திரைச்சீலையில் நகம் வைத்தது. உள்ளே வைத்து மூடிவிட்டுத் துணி வாங்கப் போனேன். திரும்பி வந்தால், அவள் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் குட்டியை மடியில் வைத்திருக்கிறாள். ஒருவர் கட்ட ஒருவர் அவிழ்த்தால் வீடு உருப்படுமா? நான் குரலை உயர்த்தவில்லை. அப்போதுதான் முடித்திருந்த திவான் கட்டிலின் அடிப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் குட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தானாகவே அதற்குள் இறங்கிப் படுத்தாள்.

"தட்ட மாட்டேங்க. சீக்கிரம் தொறந்துடுங்க."

கொண்டியை மாட்டினேன். ஆனால் தட்டினாள். முதலிலிருந்து காத்திருந்தேன்.

சோபாவின் அடித்துணியில் காற்று போகும். திவானில் தூசி நுழையக் கூடாதென்று உள்ளும் புறமும் முழுக்க ரெக்ஸின் ஒட்டி, மூடி விளிம்பில் ஸ்பாஞ்சு வைத்திருந்தேன். சுத்தமான வேலை. அது அப்போது நினைவுக்கு வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டுவது மெலிந்து, நின்றது. திறக்கத்தான் எழுந்தேன். அதற்குள் குட்டி மூடிமேல் ஏறிப் பிறாண்டத் தொடங்கியது. புது ரெக்ஸின், ஐயா. நார்நாராகக் கிழித்தது. அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண். ஒருமுறை கண்டும் காணாமல் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

அதைத் தூக்கிச் சோபாவுக்குள் வைத்து ஆணியடித்தேன். அது அடங்கும்வரை காத்திருந்தேன். அதன் பிறகுதான் திவானைத் திறந்தேன்.