செருப்பில் வெட்டிய பல்சக்கரம்

— இது பித்தளை. நீங்க என்ன சொன்னாலும் சரி, இது பித்தளைதாம்மா.

— இல்லீங்க சார். ரப்பர் செருப்பு.

— செருப்பா! இங்க பாருங்க, நான் இருபத்தெட்டு வருஷம் பேக்டரியில பல்சக்கரம் வெட்டினவன். ரிட்டையர் ஆனவனைக் கூப்பிட்டு இந்த உடுப்புப் போட்டி வாசல் மேஜையில உக்கார வெச்சிருக்கறதே அதுக்காகத்தான். உலோகத்துல பண்ணிட்டு வந்திருக்கறவங்களுக்குப் பக்கத்து வரிசை. இது வீட்டுச் சாமான்ல உடுப்பு செஞ்சவங்க வரிசை. பேக்டரி மெஷின் பாகம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் உள்ள விடக் கூடாதுன்னு சட்டம்.

— சார், நான் கொஞ்சம் பேசலாமா? செஞ்சது இவங்க, என் அண்ணி. இந்த நீராவிக் கப்பல் மாலுமி உடுப்பைப் போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்த நிக்கறது நான். சத்தியமா சொல்றேன், அது என் செருப்பு. போன மாசம் வாசல்ல கழட்டி விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்தா வலது கால் மட்டும் கிடக்கு.

— இடது காலுக்கு வார் அறுந்திருந்துச்சு.

— அறுந்தா தைக்கணும் அண்ணி! வெட்டி என் கையிலயே ஒட்டறதா?

— வேடிக்கை அப்புறம் இருக்கட்டும்மா. இந்தக் கை உறையைப் பாருங்க. முழங்கையில இருக்கற சக்கரத்துல ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. பொம்மை செய்யறவங்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டிடுவாங்க. பாரம் இழுத்துக்கிட்டு வருஷக்கணக்கா ஒரே பக்கமா சுத்தின சக்கரம்தான் இப்படித் தேயும். பழைய இரும்புக் கடையில வாங்கினீங்களா? உண்மையைச் சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

— அமுக்கிப் பாருங்க சார்.

— எதை?

— அந்தச் சக்கரத்தை. கட்டை விரலால.

— என்னத்தை அமுக்க, பித்தளையப் போய்... அட! உள்ள போகுது!

— விட்டா திரும்பி வந்துடும்.

— வந்துடுச்சே! அட அட அட. இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். ஏம்மா, கையைத் தூக்கிப் பார்த்தப்ப அவ்வளவு கனமா இருந்துச்சே?

— உறைக்குள்ள ரெண்டு பொட்டலம் மணல் வெச்சுத் தைச்சிருக்கேன். கனம் இல்லேன்னா, கை வீசி நடக்கறப்பவே பொய்னு தெரிஞ்சிடும் சார்.

— மணலா? அண்ணி! ரெண்டு நாளா தோள் விட்டுப் போகுதுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கேன், வாயைத் திறக்கலையே நீங்க!

— சொல்லியிருந்தா போட்டுக்கிட்டிருக்க மாட்டே.

— நியாயம்தான். சார், தலையிலயும் ஏதாவது வெச்சிருக்காங்களான்னு பாருங்க. தொப்பிங்கற பேர்ல பூந்தொட்டியைக் கவுத்திருக்காங்க.

— பிளாஸ்டிக் தொட்டியா! நான் தோல் தொப்பின்னு நெனச்சேன். சுருக்கம்கூட விழுந்திருக்கே.

— மேல ஒட்டினது பழுப்புக் காகிதப் பை. நல்லாக் கசக்கி, விரிச்சு, மறுபடி கசக்கி, பத்துப் பதினஞ்சு தரம். துணி மாதிரி ஆனதும் பசை தடவி ஒட்டி, ஷூ பாலிஷ் போட்டுத் தேய்ச்சேன். பெல்ட்டும் அதேதான்.

— ஆணித் தலைங்க?

— பசைக் குச்சியை உருக்கிச் சொட்டு விட்டது.

— கண்ணுல மாட்டியிருக்கறது?

— ஊறுகாய் பாட்டில் மூடி, ரெண்டு. நடுவுல வட்டமா வெட்டி எடுத்துட்டு, பழைய பைல் அட்டையோட கண்ணாடித் தாளை வெச்சேன்.

— அதைச் சொல்லுங்க! இன்னும் வாசனை போகல சார். காலையிலேருந்து எனக்கு நாக்குல எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு.

— முதுகுல வளைஞ்சு போற குழாய்?

— துணி துவைக்கற மெஷின்ல அழுக்குத் தண்ணி வெளிய போகுமே, அந்தக் குழாய். பக்கத்து வீட்டுல மாத்தறப்ப கேட்டு வாங்கினேன். எல்லாத்துக்கும் முதல்ல முழுசா கறுப்பு அடிச்சிடுவேன். அது மேல பொன் நிறத்தைக் காஞ்ச பிரஷ்ஷால லேசாத் தடவுவேன். கை படற இடத்துல மட்டும் பளபளப்பு. மூலையெல்லாம் அழுக்காவே விட்டுடுவேன்.

— சரியா சொன்னீங்க! மூலைக்கு யாரு துணியைக் கொண்டு போறா? ஆபரேட்டர் துடைக்கறது கை எட்டற இடத்தை மட்டும்தான். ஒண்ணு கேக்கறேன். இந்த நீராவி மீட்டர் இருக்கே...

— அது ஜாம் மூடி. முள்ளுக்கு ஊக்கு.

— இருக்கட்டும். முள்ளு ஏன் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது? இந்த வருஷம் இது பன்னண்டாவது உடுப்பு. எல்லாரும் நட்ட நடுவுல வெச்சிருக்காங்க, இல்லேன்னா சிவப்புலயே வெச்சிருக்காங்க.

— ஒழுங்கா வேலை செய்யற மெஷினுக்கு அங்கதானே சார் நிக்கும்.

— ...அங்கதான் நிக்கும். அம்மா, மனசு விட்டுச் சொல்றேன். மெஷினோடவே குடும்பம் நடத்தினவன் நான். என்னை ஒரு அறுந்த செருப்பை வெச்சு ஏமாத்திட்டீங்க. எனக்கு அவமானமா இருக்கணும், சந்தோஷமா இருக்கு. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?

— யாரும் சொல்லித் தரல. பார்த்ததுதான்.

— கூச்சப்படறாங்க சார், நான் சொல்றேன். பெருக்கற வேலை. முன்ன ஒரு பேக்டரியில, இப்ப ஆஸ்பத்திரியில. தரையைப் பெருக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்க அண்ணனே கேட்டாச்சு. ஆனா இதுல முதல்ல வந்தா போட்டி நடத்தற நாடகக் குழுவோட உடுப்பு அறையில வேலை குடுக்கறாங்களாம். நிரந்தர வேலை. நாற்காலியில உக்கார்ந்து பாக்கற வேலை! அண்ணிக்கு முதுகு போயிடுச்சு சார். ராத்திரி திரும்பிப் படுக்கறப்ப அவங்க அடக்கற சத்தம் எனக்குக் கேக்கும்.

— போதும், விடு.

— விட மாட்டேன். இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கணும், அவ்வளவுதான்.

— மார்க் போடறவங்க உள்ள இருக்காங்கம்மா. என் வேலை வாசலோட சரி. ஆனா போங்க, தைரியமாப் போங்க. இதோ கையெழுத்துப் போட்டுடறேன். ஒரே ஒரு யோசனை சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க.

— சொல்லுங்க சார்.

— நெஞ்சுல பெரிய சக்கரம் ஒண்ணு வெச்சிருக்கீங்களே, நான் தொட்டுப் பார்க்கல, இங்கேருந்தே பார்க்கறேன். அதுல மேல இருக்கற ஒரு பல்லு மட்டும் சரியா வரல. கோணலா, கறுத்துப் போய், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டின மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் அச்சு அசல். அது ஒண்ணுதான் பொய்னு கத்துது.

— அண்ணி, வேண்டாம். உங்க மூஞ்சி போற போக்கே சரியில்ல. சார் கையெழுத்துப் போடட்டும், வாயை மூடிக்கிட்டு உள்ள போயிடலாம்.

— சார், பேனாவை வெச்சிடுங்க. அது ஒண்ணுதான் நிஜம்.

— என்னது?

— அது ரப்பர் இல்ல. எஃகு. நிஜ சக்கரத்துலேருந்து உடைஞ்ச பல்லு. அந்தச் சக்கரத்தை அதைச் சுத்தித்தான் வெட்டினேன்.

— போச்சு! மூணு மாச உழைப்பு போச்சு! ஏன் அண்ணி இப்படி? அவரே பிளாஸ்டிக்னு சொல்லிட்டாரே!

— சட்டத்துல ஒண்ணுகூடக் கூடாதுன்னு இருக்கு. எனக்கு இப்பதான் தெரியும்.

— நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனேம்மா.

— தெரியும் சார்.

— ...பாருங்க, கையெழுத்து விழற வரைக்கும் மாத்திக்கலாம்னும் சட்டத்துல இருக்கு. பத்து நிமிஷம். அந்தப் பல்லை எடுத்துட்டு வேற வைக்க முடியுமா?

— ரப்பர் இருந்தா முடியும். பையில பிளேடு, பசை, பெயிண்ட் எல்லாம் இருக்கு. ரப்பர்தான் தீந்து போச்சு.

— என்னை ஏன் அண்ணி பார்க்கறீங்க?

— உன் வலது கால் செருப்பு...

— தெரியும். எனக்குத் தெரியும். இந்தாங்க, வலது கால். இதுவும் போகட்டும், ஜோடிக்குப் போட்டிருக்கற வேற இடது காலையும் கழட்டிட்டு உள்ள வெறுங்காலோட நடக்கறேன். மாலுமி உடுப்புக்கு அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

— உனக்குக் கடன்பட்டிருக்கேன்.

— ஜெயிச்சு வந்து புதுச் செருப்பு வாங்கிக் குடுங்க. குதிகால் பக்கமா வெட்டுங்க, அங்க தடிமனா இருக்கும்.

— அம்மா, அளவே எடுக்காம வெட்டறீங்களே! ஒரே வெட்டு! அந்த ஒரு பக்கத் தேய்மானத்தைக்கூட நகத்தாலயே... இதை நான் மெஷின் வெச்சுப் பண்ண அரை நாள் ஆகும். சரி, அந்த எஃகுத் துண்டை இங்க குடுங்க, பார்க்கறேன். பழைய சாமானா?

— பத்தொன்பது வருஷம் ஆச்சு சார். டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். கறுத்துடுச்சு.

— தேஞ்சு உடையல. அடி வாங்கி முறிஞ்சிருக்கு. எங்க கிடைச்சது?

— பேக்டரியில. மூணாவது வரிசையில, ஜன்னலோரத்து மெஷினுக்குக் கீழ.

— எந்த பேக்டரி?

— நீங்க இருந்த பேக்டரிதான் சார்.

— ...ஜன்னலோரத்து மெஷின் என்னோடது.

— ஆமாங்க. கொஞ்சம் ஊது, பெயிண்ட் காயட்டும். மெதுவா.

— ஊதிக்கிட்டுத்தான் இருக்கேன். சாருக்கு என்ன ஆச்சு? தண்ணி வேணுமா சார்?

— வேண்டாம்மா. இதை நான்தான் உடைச்சேன். சக்கரம் நிக்கறதுக்குள்ள கியரை மாத்தினேன். புதுசா வந்தவன்கூடப் பண்ண மாட்டான். என் பொண்ணு பொறக்கப் போற மாசம், நினைப்பு எங்கயோ இருந்துச்சு. அன்னிக்கே அதிகாரிங்க வந்துட்டாங்க. முறிஞ்ச துண்டு கையில கிடைச்சா யாரோ உடைச்சதுன்னு தெரிஞ்சிடும், என்னை அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. மெஷினுக்கு அடியில படுத்துத் தேடினாங்க. கிடைக்கல. பழைய மெஷின், தானா உடைஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அங்கயே பன்னண்டு வருஷம் வேலை பார்த்தேன். பொண்ணைப் படிக்க வெச்சேன். என் பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாது.

— அண்ணி, நீங்க எங்ககிட்டகூட சொன்னதில்லையே!

— சொல்றதுக்கு என்ன இருக்கு.

— அம்மா, மன்னிச்சுக்குங்க. அத்தனை வருஷத்துல உங்களைப் பார்த்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

— நீங்க மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீங்க சார். ஆனா வேலை முடிஞ்சா இரும்புத் தூளையெல்லாம் நீங்களே ஒதுக்கி, ஓரமாக் குவிச்சு வெச்சுட்டுப் போவீங்க. அந்த வரிசையில நீங்க ஒருத்தர்தான். உங்க இடத்துல மட்டும் நான் குனிஞ்சு மெஷினுக்கு அடியில போக வேண்டாம். நின்னுக்கிட்டு உங்க மெஷினைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததுதான் இதெல்லாம். பல்லு ஒட்டிடுச்சு, சோதிச்சுக்குங்க.

— சக்கரத்தைக் கழட்டியே குடுங்கம்மா. எல்லாப் பல்லையும் அமுக்கிப் பார்க்கறேன், நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது. ஒண்ணு... ரெண்டு... எல்லாம் ரப்பர். இந்தாங்க, கையெழுத்து. உள்ள போங்க.

— வாங்க அண்ணி, கூப்பிடறாங்க! தொப்பி நேரா இருக்கா?

— இருக்கு. சார், அந்தத் துண்டு உங்களுது. நீங்களே வெச்சுக்குங்க.

— பத்தொன்பது வருஷமா இதை அதிர்ஷ்டம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதிகாரிங்க வர்றதுக்குள்ள, நீங்க வழக்கம்போலப் பெருக்கிட்டுப் போயிருக்கீங்க.

— வழக்கமா சாயங்காலம்தான் பெருக்குவேன் சார். அன்னிக்கு மட்டும் மத்தியானமே பெருக்கினேன்.