பொழுது சாஞ்சுதான் விடணும்

வேண்டா: பல்ப எந்த ஒசரத்துல கட்டியிருக்க? மொதல்ல அத சொல்லு.

கலையரசன்: திருவிடந்தைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன்... ஆசுபத்திரி பெட்ல படுத்துகினு கோழிக்குஞ்சு கவல உனுக்கு.

வேண்டா: கேட்டதுக்குப் பதில் சொல்லு மாமா. மிஷின்ல பொரிஞ்ச குஞ்சு. றெக்கைக்குள்ள இஸ்து வெச்சிக்க தாய்க்கோழியா கீது?

கலையரசன்: நீ கட்டின ஒசரத்துலதான் கீது.

வேண்டா: பல்புக்குக் கீழ ஒன்னுமேல ஒன்னு ஏறிகினு நிக்குதா, பரவலா நிக்குதா?

கலையரசன்: நிக்குது.

வேண்டா: நிக்குதுன்னா? ஏறிகினு நின்னா குளுருதுன்னு அர்த்தம். ஓரத்துக்கு ஓடுச்சின்னா சூடு தாங்கல. எத்தினி தபா சொல்லிக் குட்த்தேன்...

கலையரசன்: பரவலாத்தான் நிக்குது, வுடு. இட்லி கொண்டாந்திருக்கேன், துன்னு.

வேண்டா: யாரு செஞ்சது?

கலையரசன்: எதுர் வூட்டு பிரதீபா குட்த்தனுப்பிச்சா.

வேண்டா: ஏன், உங்கம்மா இன்னிக்கு அடுப்பு பத்த வெக்கலியா?

கலையரசன்: ...அதுக்கு ஒடம்பு முடியல.

வேண்டா: தல ஏன் ஈரமா கீது?

கலையரசன்: வர்ற வழில மழ புட்ச்சிக்கிச்சு.

வேண்டா: சட்ட மட்டும் காஞ்சிகினு கீதே.

கலையரசன்: ஏய்... வந்ததுலேர்ந்து போலீஸ்காரியாட்டம்...

வேண்டா: சரி சரி, கோச்சிக்காத. மேல போயி பாப்பாவ பாத்தியா?

கலையரசன்: ...ம்.

வேண்டா: அதுக்கும் மேலேர்ந்து சூடு காட்டித்தான வெச்சிருக்காங்க. கொறமாசத்துல பொறந்ததுக்குத் தானா சூடு புடிக்கத் தெரியாதாம். டாக்டரம்மா சொல்லச்சொல்ல எனுக்கு சிரிப்பு. அட, இதத்தான நான் வூட்ல அட்டப்பொட்டில பண்ணிகினு இருந்தேன்னு.

கலையரசன்: ம்.

வேண்டா: கை கால ஆட்டுச்சா?

கலையரசன்: கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னா இன்னா தெரியும்... துன்னு வேண்டா, ஆறிப் போவுது.

வேண்டா: பொட்டிய பூன வராத எடமா, நடுவூட்லதான வெச்சிருக்க?

கலையரசன்: அது... வெளில வெச்சிட்டாங்க.

வேண்டா: யாரு?

கலையரசன்: அம்மாதான். காலைல ஆளுங்க உக்கார எடம் இல்லன்னு...

வேண்டா: இன்னா ஆளுங்க?

கலையரசன்: சும்மா... சொந்தக்காரங்க. காசிநாதன் பெரியப்பா, அவுரு வூட்ல இருந்து ரெண்டு பேரு... அந்தப் பக்கமா போனாங்களாம்.

வேண்டா: சும்மா. காலங்காத்தால. நடுவூடு ரொம்புற அளவுக்கு.

கலையரசன்: தண்ணி குடிக்கிறியா?

வேண்டா: வெளில கரண்டு ஏது? பல்புக்கு இன்னா பண்ணீங்க?

கலையரசன்: பல்பு இல்ல. அதான் அம்மா குஞ்சுங்கள பெரிய கோழிங்க கீற கூண்டுல தொறந்து வுட்டுச்சு.

வேண்டா: பட்டப் பகல்லயா! அய்யோ... அந்தக் கறுப்பி ஒருத்தி போதுமே. கொத்தியிருப்பாளே?

கலையரசன்: கொத்துச்சு.

வேண்டா: எத்தினி போச்சு?

கலையரசன்: தெர்ல. நான் பாக்கல. சத்தம்தான் கேட்டுச்சு.

வேண்டா: சத்தம் கேட்டும் எழுந்து போவலியா நீ?

கலையரசன்: எழுந்துக்க முடியல வேண்டா.

வேண்டா: நடுவுல வல கட்டி, ஒன்ன ஒன்னு மொதல்ல பாத்துக்க வுடணும் மாமா. அப்பால பொழுது சாஞ்சு, பெருசுங்க தூங்கிகினு கீறப்ப ஒவ்வொன்னா உள்ள சொருவணும். காலைல கண்ணு முழிச்சா, சரி, இதுவும் நம்மகூடப் படுத்து எழுந்ததுதான்னு வுட்டுடும். பகல்ல வுட்டா, நீ யாருடின்னுதான் கேக்கும்.

கலையரசன்: ம்.

வேண்டா: பாப்பாவையும் அப்பிடித்தான் கூட்டினு போவணும்னு நெனச்சிகினு இருந்தேன். ஆறு வருசமா புள்ள இல்லன்னு உங்கம்மாவும் உங்கக்காவும் என்னக் கொத்துனாங்க. இப்ப பொட்டப்புள்ளன்னு அதக் கொத்துவாங்க. அதான்... இருட்டுனப்புறம் தூக்கினு போயி, சத்தம் காட்டாம உங்கம்மா பக்கத்துல போட்டுடணும். காலைல அது கைய நீட்டி அவங்க மூக்கப் புட்ச்சா இன்னா பண்ணுவாங்க? தூக்கித்தான ஆவணும்.

கலையரசன்: வேண்டா... போதும்.

வேண்டா: பேருகூட யோசிச்சிகினு இருந்தேன். இனிமே பொட்டப்புள்ளயே வேணாம் சாமின்னு எனுக்கு வெச்சாங்களே, அப்பிடி இல்லாம... ஆசயா கூப்புட்ற மாரி.

கலையரசன்: போதும்ன்றேன்ல!

வேண்டா: மெதுவா. பக்கத்து பெட்ல ராபியாக்கா கொழந்த இப்பத்தான் கண்ண மூடுச்சு.

கலையரசன்: என்னால... என்னால முடியல வேண்டா...

வேண்டா: அழு. என் கையப் புட்ச்சிகினு அழு.

கலையரசன்: அய்யோ வேண்டா...

வேண்டா: எங்க பொதச்சீங்க?

கலையரசன்: ...சவுக்குத் தோப்போரமா. உனுக்கு... உனுக்கு யாரு சொன்னா? தையல் காயற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தான வெச்சோம்...

வேண்டா: யாரும் சொல்லல. பொறந்ததுலேர்ந்து நர்ஸம்மா அப்பப்ப கிண்ணத்த எடுத்துகினு வரும், பாப்பாவுக்குப் பால் பீச்சிக் குடும்மான்னு. தூங்கினாக்கூட தட்டி எழுப்பும். நேத்து ராத்திரிலேர்ந்து வரவேயில்ல. நானா பீச்சி எடுத்துகினு, வவுத்தப் புட்ச்சிகினு வார்டு வாசப்படி வரைக்கும் நடந்து போனேன். அந்தம்மா கிண்ணத்தப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, மூஞ்சத் திருப்பிகினு போயிடுச்சு. தோ, தலமாட்டுல மூடித்தான் வெச்சிருக்கேன். நாளைக்குக் குழில பால் ஊத்தப் போவீங்க இல்ல... கடைல பால் வாங்காத மாமா. இத எடுத்துகினு போ.