பந்தயத் திடலின் சாவி

மேடையேறிப் பழகாதவள் நான். குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள். தலைமையேற்றிருக்கும் பண்ணையாளர் சங்கத் தலைவர் தோன் அனக்லேத்தோ அவர்களே, பனியிலும் வெயிலிலும் மாட்டோடு நின்று பழுத்த பெரியோர்களே, மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையைக் கைமாற்றிக்கொண்டே காது கொடுக்கும் தாய்மார்களே, வணக்கம்.

போன இலையுதிர்காலத்தில், பால் மறக்கடித்த எங்கள் நாற்பது கன்றுகளில் நான்கு செத்தன. பட்டினியாலா? தொட்டி நிறையப் புண்ணாக்கும் தவிடும் இருந்தன. மருந்தில்லாமலா? என் அப்பா எரிபெர்த்தோ தம் கையாலேயே புழு ஊசி போட்டார். பிறகு ஏன் தாடைக்கடியில் நீர் கோத்தது? ஏன் வாலெல்லாம் கழிச்சல் வழிந்தது?

"எடை பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"எதுக்கும்மா? என் கண்ணுதான் தராசு. எல்லாம் நூத்தம்பது கிலோ."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தராசும் அதுதானே?

ஊசி போட்ட பதினான்காம் நாள் கன்றுகளின் சாணத்தை, தாக்குவரெம்போ நகர ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தேன். புழுமுட்டை குறையவே இல்லை. ஆண்டுதோறும் அதே மருந்து, அதுவும் பெரிய கன்றுக்குப் பற்றாத அளவு, புழு பழகிக்கொண்டது. எடை பார்த்தோம், மருந்தை மாற்றினோம், முட்டை அற்றுப்போயிற்று. ஆறே வாரத்தில் திரும்பி வந்தது. இன்னும் ஐந்து கன்றுகள் போயின.

எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்லிலிருந்து. தாயைப் பிரிந்து கத்தும் கன்று கண்ணெதிரே இருக்கட்டும் என்று, ஆண்டாண்டாய் அதே இடத்தில்தானே எல்லோரும் அடைக்கிறோம்? அன்பால் அடைத்தோம், அந்த அன்பே புழுவை வளர்த்தது. கொட்டிய தீவனம் கன்றுக்கா போயிற்று?

நாளை மறுநாள் இந்த ஆண்டுக் கன்றுகளைப் பிரிக்கிறோம். மறுபடியும் அதே புல்லிலா அடைப்பது, தாய்மார்களே?

"வேற புல்லு எங்க இருக்கு மகளே, வானத்துலயா?" என்கிறார் முன்வரிசையிலிருந்து தோன் வால்தெமார். ஐயா, அதைச் சொல்லத்தான் வந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் அஞ்சினேன்.

சங்கத்தின் குதிரைப் பந்தயத் திடலில் மூன்றாண்டாக மாட்டுக் குளம்பு பட்டதில்லை. மாட்டுக் குடற்புழு குதிரையிடம் வளராது. அந்தப் புல் சுத்தம். "மாடு மிதிச்சா தரை கெட்டுப்போகும்" என்று தலைவர் சொல்வார் என்பதும் அறிவேன். பந்தயம் வசந்தத்தில். புல் அதற்குள் எழும். செத்த கன்று எழாது.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். அமருமுன் ஒன்றே ஒன்று, தலைவர் அவர்களே. எடை பார்த்து மருந்து போட்ட கன்று மட்டுமே உள்ளே வரும். வாசலில் நானே நிற்பேன். நம் சங்கத்துப் பதினொரு வீட்டுக் கன்றுகளுக்காக, எழுபதே நாளுக்கு, உங்கள் இடுப்பில் தொங்கும் அந்தச் சாவியைத் தாருங்கள்.