டீச்சருக்குத் தெரியாத கதை

"புள்ளைங்களுக்கு நான் படிச்சுக் காட்டுற கதை என்னன்னு எனக்கே தெரியாது அக்கா."

திருப்பதியிலிருந்து வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்டது இது. பேசியவள் கும்பகோணத்துக்காரி, பாலர் பள்ளி டீச்சர். பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த நடுவயதுப் பெண்.

"அது இன்னாம்மா அப்டி?"

"மெட்ராஸ் மாகாணம் பிரிஞ்சப்போ என் பள்ளிக்கூடம் ஆந்திரா பக்கம் போயிடுச்சு, நானும் அங்கேயே தங்கிட்டேன். தெலுங்கு எழுத்தைக் கத்துக்கிட்டேன், கடகடன்னு படிச்சிடுவேன். அர்த்தம்தான் புரியாது. புள்ளைங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். நேத்து புதுக் கதை, புஸ்தகத்துல படமும் இல்லை. கடைசிப் பக்கத்துல எல்லாம் அழுதுதுங்க. எதுக்குன்னு தெரியல."

"அதுங்களையே கேட்டா இன்னா?"

"படிச்சதே நான்தானே அக்கா. எப்படிக் கேக்கறது?"

"எனக்குத் தெலுங்கு நல்லா வரும், எழுத்துதான் வராது. நீ படிச்சிக்கினே போ, நான் அர்த்தம் சொல்றேன்."

டீச்சர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, வகுப்பில் படிப்பதுபோலவே ராகம் போட்டுப் படித்தாள். அந்தம்மா வரிக்கு வரி உம் கொட்டினாள்.

"இப்ப என்ன ஆச்சு அக்கா?"

"இரு, சொல்றேன். நிறுத்தாம படி."

கடைசிப் பக்கத்தில் அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"நாராயணவனம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். அந்தம்மா பதறிப்போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ் கிளம்பியது. டீச்சர் கடைசிப் பக்கத்தை மறுபடியும் பிரித்து, மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள். இந்தத் தடவை உம் கொட்ட ஆளில்லை.