செனாப் துறைக்குப் போன முகம்

முகத்தில் கடினமானது மூக்கு. பக்கவாட்டில் வரையும்போது நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே கோடு; அதில் நெல்முனை அளவு பிசகினாலும் ஆள் மாறிவிடுவார். லாகூர் சித்திரக்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகிறேன். என் பாட்டனார் ஹெராத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டுக் கையிலிருந்து பொய்முகம் வந்ததில்லை.

என் மகன் ரிஸ்வான், கலகம் செய்த இளவரசரோடு போய்விட்டான். அவர் தோற்றதும் தலைமறைவானான். படகுத்துறைக் காவலர்களுக்குக் காட்ட அவன் முகம் வேண்டுமென்று மாகாண ஆளுநரான சுபேதார் உத்தரவிட்டார். தகப்பனிடம் கேட்பது முறையல்ல என்று, எனக்கு அடுத்த ஓவியன் கேவல்தாஸிடம் கொடுத்தார்கள். ரிஸ்வானைத் தோளில் சுமந்து திரிந்தவன் அவன்.

வரைந்து முடித்ததும் என்னிடம் கொண்டுவந்தான்.

"பாருங்க உஸ்தாத், யாருன்னு தெரியுதா? மூக்கு எங்க மாமனாரோடது. அவரப் புடிச்சிட்டுப் போனா நான் வீட்டுல நிம்மதியா இருப்பேன்."

புருவத்துத் தழும்பையும் வரையாமல் விட்டிருந்தான். ரிஸ்வானின் ஆறு வயதில் அந்தக் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டியவன் நான்.

படத்தின் அடியில் நம் கூடத்தின் முத்திரை விழும் என்று சொல்லித் தூரிகையைக் கேட்டேன்.

"வேணாம் உஸ்தாத். நம்ம புள்ள."

ஐந்து கோடுகள் போதுமாயிருந்தன. மூக்கு, மோவாய், கடைசியாகத் தழும்பு. கேவல்தாஸ் சுவரைப் பார்த்து நின்றான்.

செனாப் ஆற்றுத் துறையில் ஒட்டகக்காரர்களோடு நின்ற ரிஸ்வானைப் பிடித்தார்கள். தாளை அவனிடமே காட்டினார்களாம். வாங்கி நெடுநேரம் பார்த்தானாம்.

"எங்க அப்பா கை இது. வேற யாருக்கும் இப்படி வராது" என்று சொல்லிவிட்டு, கட்டுவதற்குக் கைகளை நீட்டினானாம். அன்றே தலையை எடுத்துவிட்டார்கள். செய்தி கொண்டுவந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு நிறைவாகவே இருந்தது. நான் பயிற்றுவித்தவன் அல்லவா, வரைந்த கை யாருடையதென்று சரியாகச் சொல்லியிருக்கிறான்.

சுபேதாருக்கு அந்தப் படம் பிடித்துப்போய், தம் படத்தொகுப்பில் ஒட்டச் சொன்னார். தொகுப்பில் எதிரெதிர்ப் பக்கத்து முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அவனுக்கு எதிரே என்னை வைப்பது என்று முடிவாயிற்று. என்னை வரைந்தவன் கேவல்தாஸ். தலைப்பாகை, தாடி எல்லாம் சரி. கண்ணோரத்தை மட்டும் சிவப்பாக்கி, ஈரம் கட்டியதுபோல் காட்டியிருக்கிறான். என் கண் கலங்கியதே இல்லையென்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அவன் தூரிகையைக் கழுவப் போய்விடுகிறான்.

நானே திருத்திவிடலாம். ஒரு கோடுதான். தினமும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இப்போதெல்லாம் நண்பகலில்கூட வெளிச்சம் போதவில்லை.