எதிர்வீட்டுக் கத்தி

அமெரிக்காவும் ரஷ்யாவும் இத்தனை அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும் என்று நம்பி, சதுரங்கப்பட்டினம் வாசகசாலையில் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். பதினாறு பக்கக் குறிப்புகளோடு செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள்.

“எதிர்வூட்டுக்காரி பூட்டாடி. இனிமே நா யாருக்குப் பயந்துகினு இருக்கறது?” என்றாள் மூத்தவள்.

“பேச்சுவார்த்தையே இல்லாதவ. பூட்டா உனக்கின்னாக்கா?”

“அவ புருசன் எங்க வலைய அறுத்துட்டு கத்திய வுட்டுட்டுப் பூட்டான். எங்காளு அவுங்க வலைய அறுக்கப் போயி, அதும் கத்திய வுட்டுட்டு வந்துச்சு. அவுங்க கத்தி எங்கிட்ட, எங்க கத்தி அவகிட்ட. யார்னா ஒருத்தி பஞ்சாயத்துக்கு எடுத்துகினு போனா, இன்னொருத்தியும் எடுத்துகினு வருவா; அப்புறம் ரெண்டு வூட்டு கட்டுமரமும் கடல்ல எறங்க முடியாது. மொறச்சிகினே காலத்த ஓட்டிட்டோம்.”

“ஆம்பளைங்க ரெண்டு பேரும்தான் செத்துட்டாங்களே. இன்னும் இன்னா பயம்?”

“காலைல எழுந்தா, அவ கதவத் தொறந்துட்டாளான்னுதான் மொதல்ல பாப்பேன். நேத்து பொண்ணு வூட்டோட பூட்டா. எங்க கத்திய என் வாசப்படில வச்சிட்டுப் போயிகீறா.”

“நீ அவுங்க கத்திய குடுத்துட்டியா?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“குடுக்கல. எங்கிட்ட இருந்தா என்னிக்காவது கேக்க வருவா இல்ல?”

வாசகசாலையில் குறிப்புகளைப் பிரிக்காமல் இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வந்திருந்த நான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் மெதுவாகக் குனிந்து கேட்டார்:

“சார், பேச்ச எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?”