முயல் சத்தம் போடாது

இந்த மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சார். இப்படிக் கடகடவென்று அடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மனிதர் எப்படித் தூங்குவார்? என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்.

"அம்மா, அவருக்கு மூச்சு இறங்கிக்கிட்டே போகுது. என்ன மருந்து, எவ்வளவு குடுத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் டாக்டருங்க மாத்து மருந்து குடுக்க முடியும்."

சொல்கிறேன். சொல்லாமல் எங்கே போகப் போகிறேன்? ஆனால் பாதியில் ஆரம்பித்தால் உங்களுக்குத் தப்பாகப் புரியும். எதையும் முறையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து அலமாரிக்குப் பொறுப்பாளர் நான். அங்கே முயல்களின் கால் எலும்பை வெட்டி, புதிதாக ஏதோ ஒட்டு வைத்துப் பார்ப்பார்கள். அறுத்த பிறகு வலி தெரியாமலிருக்க ஊசி உண்டு. அந்த மருந்து வெளியே போனால் மனிதன் அதற்கு அடிமையாகிவிடுவானாம். அதனால் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று கால்நடை டாக்டரம்மாவிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். என்ன நல்ல மனசு பாருங்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண், தங்கமான பெண். கையுறை மாட்டிக் கத்தியைப் பிடித்த பிறகு சாவிக்காகக் கழற்றினால் மறுபடி முதலிலிருந்து கை கழுவ வேண்டும். "அக்கா, சாவி என் கோட்டுப் பையில இருக்கு, நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றாள் ஒருநாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கோட்டுப் பையில் கிடந்து தொலைந்தால் யார் பதில் சொல்வது? என் வளையத்திலேயே கோத்துக்கொண்டேன். பொறுப்பு என்றால் அதுதானே?

குப்பியில் மிஞ்சுகிற மருந்தை இன்னொருவர் பார்க்கத் தொட்டியில் கொட்ட வேண்டும். கூண்டு கழுவுகிற அண்ணன்தான் சாட்சி. வாசலிலேயே நின்றுகொண்டு, "கொட்டியாச்சாம்மா?" என்பார்.

"கொட்டியாச்சுண்ணே."

"அப்பச் சரி. என் கையெழுத்தையும் நீயே போட்டுடேன், கை ஈரம்."

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாக்கடைக்கு என்ன வலி? நல்ல மருந்தை அதற்குப் போய் ஊற்றுவானேன்?

வீட்டிலே இவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. நான் சமையலறை வாசலில் கொஞ்சம் நின்றால், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்பார். குளியலறைக் கதவைத் தட்டி, "இறங்குறதுன்னா சீக்கிரம் இறங்கு, வண்டியை எடுக்கணும்" என்பார். சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வேண்டுமென்றால், "மீதிச் சில்லறை?" என்று தட்டை நீட்டுவார். தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் எந்த வீட்டுக்குப் போவது?

பகலெல்லாம் முயல்களோடு இருந்துவிட்டு வருகிறவள் நான். அதுபோல மரியாதை தெரிந்த பிராணி கிடையாது.

முதலில் அவருடைய முழங்கால் வலிக்கென்றுதான் பாலில் கொஞ்சம் விட்டேன்.

"என்னடி, பால் கசக்குது?"

"சர்க்கரை குறைச்சிருக்கேன். உங்க உடம்புக்குத்தான்."

முழங்காலும் அடங்கியது, வாயும் அடங்கியது. எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மிச்சம் மீதி எத்தனை நாளைக்குக் காணும்? மருந்தையெல்லாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, குப்பிகளில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். "அப்போது முயல்களுக்கு?" என்று கேட்கப் போகிறீர்கள். முயல்களுக்கு வேளை தவறாமல் ஊசி போட்டோம் சார். அதில் என்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒன்றாவது கத்தியதா? மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும். "கோயில் மாதிரி வெச்சிருக்கீங்கம்மா, என்ன அமைதி" என்று இயக்குநரே வந்து பாராட்டினார்.

டாக்டரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, புல்லைத் தொடவே இல்லையே. முயல் வலியை வெளிய காட்டாதுக்கா. காட்டினா நாயோ நரியோ தூக்கிட்டுப் போயிடும்னு அதோட புத்தி. அது சத்தமில்லாம உக்காந்திருந்தாத்தான் நாம பயப்படணும்."

"மருந்து மயக்கம்மா அது. உங்க தையல் கொஞ்சம் இறுக்கமோ என்னமோ" என்றேன்.

பாவம், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முயல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கைத்திறமை போதாது என்று அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று, "என் கையால எத்தனை உயிர் போச்சுக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒருவர் அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது.

"அம்மா, அந்தக் கதையெல்லாம் அப்புறம். மருந்து பேரு."

வந்துவிட்டேன் சார். போன வாரம் அவர், "வயித்துக்குள்ள பிடிச்சு இழுக்குதுடி. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா?" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். ஒரே ஸ்டாப்பின் பெயரை எத்தனை தடவைதான் கூவுவது? பாலில் விடுகிற மருந்தைக் கூட்டினேன். நேற்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோர நாற்காலியில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். தட்டைத் தொடவில்லை. அப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததை நான் எதற்கு மறக்கப் போகிறேன்? ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, இன்னொரு டம்ளர் பால் கொடுத்தேன். பிறகு செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிம்மதியாகப் படித்தேன்.

காலையில் மாடி வீட்டுக்காரி வந்து, "என்னண்ணே, வண்டி இன்னும் கிளம்பலையா?" என்று எட்டிப் பார்த்தாளோ இல்லையோ, ஊரைக் கூட்டிவிட்டாள். இங்கே வந்ததும் டாக்டர்கள், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். பால் என்றேன். அதில் என்ன பொய்? அவர் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, இது ஏதோ மருந்து என்று உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சரி, பேனாவை எடுங்கள். குப்பிகள் என் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. பெயர் நீளமானது, எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.

உங்கள் போன் அடிக்கிறது. பேசுங்கள், எனக்கொன்றும் அவசரமில்லை.

என்ன சார், பேனாவை மூடிவிட்டீர்கள்?

"இனிமே பேரு வேண்டாம்மா. மூச்சு நின்னுடுச்சு."

அப்படியா. ஒரு வாரமாகப் பட்ட வலிக்கு இனியாவது நிம்மதியாகத் தூங்குவார். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அவர் காதில் விழப்போகிறது. இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில், பொறுப்பாக ஓர் ஆள் வேண்டாமா?